சர்வர் அனுப்பும் அறிவித்தலும் அதற்கு வரும் பதிலும்

கைத்தொலைபேசித் திரையின் மேற்பக்கத்திலிருந்து இறங்கி வரும் புஷ் அறிவித்தலை எந்தச் செயலியின் சர்வரும் நேரடியாகத் தொலைபேசிக்கு அனுப்புவதில்லை. ஐபோன் என்றால் அப்பிளின் ஏபிஎன்எஸ் சேவையிடமும், பெரும்பாலான அண்ட்ராய்டுத் தொலைபேசிகள் என்றால் கூகுளின் எஃப்.சி.எம் சேவையிடமும் அது ஒரு கோரிக்கையைக் கையளிக்கிறது. அந்த நிறுவனங்கள் ஒவ்வொரு தொலைபேசியுடனும் திறந்து வைத்திருக்கும் இணைப்பின் வழியாகவே செய்தி இறங்குகிறது. ஒவ்வொரு செயலியும் தனக்கென ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருந்தால் பற்றரி மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதே இந்த ஏற்பாட்டுக்கான முதற் காரணம். அப்பிள் இதை 2009 யூன் மாதம் ஐபோன் மென்பொருளின் மூன்றாம் பதிப்புடன் திறந்துவிட்டது. கூகுள் 2010இல் ஒரு சேவையைத் தொடங்கி, 2012இல் அதன் இடத்தில் இன்னொன்றை வைத்து, 2016இல் இப்போதைய எஃப்.சி.எம்முக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே சர்வர் எழுதுபவரின் கையில் இருப்பது ஒரு கோரிக்கையும் அதற்கு வரும் ஒரு பதிலும் மட்டுமே. ஒத்தியங்கா நிரலில், அதாவது ஒன்றின் பதிலுக்காக நிற்காமல் அடுத்ததைச் செய்யும், நிரலாளர்கள் பேச்சில் ‘அசிங்க்’ என்று சொல்லப்படும் பாணியில், அந்தக் கோரிக்கையை அனுப்புவது மிகச் சுலபம். பதிலுக்குக் கணக்கு வைப்பதுதான் கடினம். இந்தச் சேவைகளில் நேரும் கோளாறுகளில் மிகப் பல அந்த இரண்டாவது பாதியிலேயே பிறக்கின்றன என்பது என் கணிப்பு.

பேசுவதற்கு ஒரு களம் வேண்டும் என்பதற்காக, திருகோணமலைக் கரையோரத்துக்கான ஒரு செயலியைக் கற்பனை செய்துகொள்வோம். புல்மோட்டையும் குச்சவெளியும் தொடங்கி நிலாவெளி, உப்புவெளி, நகரம், கிண்ணியா, மூதூர், சம்பூர் வரையுள்ள கடற்றொழிலாளர்களுக்கு, வளிமண்டலவியல் திணைக்களம் காற்று எச்சரிக்கை விடும்போது அதை அறிவித்தலாக அனுப்புவது அதன் வேலை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அதைப் போன்ற ஒரு மாலையில், 20,000 தொலைபேசிகளுக்கு ஒரே செய்தி போக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு தரவு மையத்தில் ஓடுகிறது.

ஒரு கோரிக்கை போய்ப் பதில் வருவதற்கு 100 மில்லி செக்கன் ஆகிறது என்று எடுத்துக்கொண்டால், ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை அனுப்பும் நிரலுக்கு 2,000 செக்கன், அதாவது 33 நிமிடத்துக்கும் மேல் தேவைப்படும். அந்த நேரத்தில் சர்வரின் சிபியு ஏறத்தாழ எதையும் செய்வதில்லை. பதிலுக்காகச் சும்மா நிற்கிறது. வள்ளத்தில் இருந்தபடி பல தூண்டில்களை இறக்கிவிட்டு எந்தக் கயிறு அசைகிறது என்று பார்த்திருப்பவரைப் போல, ஈவென்ட் லூப் எனப்படும் ஒற்றைச் சுழல் நூற்றுக்கணக்கான கோரிக்கைகளை ஒரே வேளையில் வெளியே விட்டுவிட்டு, பதில் வந்தவற்றை மட்டும் எடுத்துக் கவனிக்கிறது. 200 கோரிக்கைகள் எப்போதும் வெளியே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அதே வேலை 10 செக்கனில் முடியும். 2009இல் வந்த நோட்.ஜேஎஸ் என்ற சர்வர் நிரல் மேடை இந்தப் பாணியைப் பரவலாக்கியது. பைதன் மொழியில் இதற்கான அடிப்படை 2014இல் 3.4 பதிப்புடன் சேர்ந்தது, இன்று எல்லோரும் எழுதும் வாக்கிய வடிவம் 2015இல் 3.5 பதிப்புடன் வந்தது.

200 என்று ஓர் எல்லையை வைத்தது தற்செயல் அல்ல. 20,000 டாஸ்க்குகளை, அதாவது தனித்தனியே ஓடும் சிறு வேலைகளை, ஒரே வரியில் உருவாக்கி ஓடவிட ஒத்தியங்கா நிரல் அனுமதிக்கும். புதிதாக எழுதுவோர் அதைத்தான் செய்வார்கள். லினக்ஸ் சர்வரில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய இணைப்புகளுக்கும் கோப்புகளுக்குமான வழக்கமான எல்லை 1,024. அதை முட்டிய கணத்தில், அறிவித்தலோடு தொடர்பே இல்லாத தரவுத்தள இணைப்புகளும் சேர்ந்து விழும். கோரிக்கை அனுப்பப் பயன்படுத்தும் லைப்ரரி (ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) தானே ஓர் எல்லையை வைத்திருந்தால் பிழை இன்னும் விநோதமான முகத்தோடு வரும். பைதனில் பலரும் பயன்படுத்தும் எச்டிடிபிஎக்ஸ் லைப்ரரி, வேறு கட்டளை கொடுக்காவிட்டால், இணைப்பு ஒன்று கிடைப்பதற்காக 5 செக்கன் மட்டுமே காத்திருக்கும். முதலில் புறப்பட்டவை நன்றாகப் போய்ச் சேர, வரிசையில் பின்னால் நின்றவை வலையமைப்பைத் தொடாமலேயே காலக்கெடு தாண்டி விழுந்துவிடும். பதிவேட்டைப் பார்ப்பவர் அப்பிளின் சர்வர் மெதுவாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கோரிக்கையோ நம் வாசலைத் தாண்டவே இல்லை. எல்லையை லைப்ரரியிடம் விட்டுவிடாமல், தரவுத்தளத்திலிருந்து சிறு சிறு தொகுதியாக எடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கையான தொழிலாளி டாஸ்க்குகள் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி அனுப்பும்படி எழுதுவதே நிதானமான வழி.

ஏபிஎன்எஸ் விடயத்தில் இணைப்புகளைப் பெருக்கவும் தேவையில்லை. 2015 டிசம்பரில் அப்பிள், இணையக் கோரிக்கைகளைச் சுமக்கும் எச்டிடிபி நெறிமுறையின் இரண்டாம் பதிப்பான எச்டிடிபி/2 வழியை அறிமுகப்படுத்தியது. அதில் ஒரே இணைப்புக்குள் பல கோரிக்கைகள் தனித்தனி ஓடைகளாக ஒரே நேரத்தில் செல்லும், ஒவ்வொன்றுக்கும் அதனதன் பதில் திரும்பி வரும். இதன் அருமை பழைய முறையைத் தெரிந்தவர்களுக்கே புரியும். முந்தைய இருமக் குறிமுறையில் ஓர் அறிவித்தல் ஏற்கப்பட்டால் பதிலே வராது. பிழையான ஒன்று நடுவில் வந்தால் மட்டும் ஒரு பிழைக் குறிப்பை அனுப்பிவிட்டு அப்பிள் இணைப்பை மூடிவிடும். அந்தப் பிழையான அறிவித்தலுக்குப் பின்னால் அதே இணைப்பில் எழுதப்பட்டிருந்த அத்தனையும் காணாமற் போகும். எது வரை போனது என்று கண்டுபிடிக்க, அனுப்பியவற்றை நினைவகத்தில் வைத்திருந்து, பிழைக் குறிப்பில் உள்ள இலக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மௌனத்தைச் சம்மதம் என்று கொண்ட அந்த முறை 2021 மார்ச் 31உடன் நிறுத்தப்பட்டது. பைதன் எழுதுவோர் கவனிக்க வேண்டியது, ஏஐஓஎச்டிடிபி என்ற பெயர்பெற்ற லைப்ரரிக்கு எச்டிடிபி/2 தெரியாது என்பது. ஏபிஎன்எஸ்ஸோ அதைத் தவிர வேறெதையும் இப்போது ஏற்பதில்லை.

ஈவென்ட் லூப் ஒற்றைச் சுழல் என்பதால், அதற்குள் எங்காவது ஓர் இடத்தில் நிரல் நின்றுவிட்டால் எல்லாமே நின்றுவிடும். ஆயத்தமாகக் கிடைக்கும் லைப்ரரிகளில் பல, பதில் வரும் வரை நிற்கும் பழைய பாணியில் எழுதப்பட்டவை. அவற்றைத் தனித் திரெட்டுக்கு (அதே நிரலுக்குள் பக்கத்தில் ஓடும் இன்னோர் ஓட்டத்துக்கு) அனுப்பாமல் நேரே அழைத்தால், வெளிப்பார்வைக்கு ஒத்தியங்கா நிரலாகவும் உள்ளே ஒவ்வொன்றாக வரிசையில் நிற்பதாகவும் ஒரு கலப்பு உருவாகும். சோதனையின்போது பத்துத் தொலைபேசிகளுக்கு அனுப்பிப் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

அடுத்தது அடையாளம் காட்டும் டோக்கன். ஏபிஎன்எஸ்ஸுக்கு, அப்பிள் தரும் சாவியால் கையொப்பமிட்ட ஒரு டோக்கனை ஒவ்வொரு கோரிக்கையுடனும் காட்ட வேண்டும். அதை 20 நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பழையதாகவும் விடக் கூடாது. எஃப்.சி.எம்மிலும் 2024இல் பழைய நிரந்தரச் சாவி முறை கைவிடப்பட்ட பின்னர், ஒரு மணித்தியாலம் மட்டும் செல்லுபடியாகும் அனுமதி டோக்கனே வழி. ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் நிரலில் இது சிறு விடயம். ஒத்தியங்கா நிரலில், டோக்கன் காலாவதியான கணத்தில் 200 டாஸ்க்குகள் வெளியே நிற்கின்றன. அனைத்துக்கும் ‘காலாவதி’ என்ற பதில் வருகிறது. அனைத்தும் தனித்தனியே புதிய டோக்கன் ஒன்றைச் செய்கின்றன. உடனே அப்பிள், டோக்கனை அளவுக்கு மீறி மாற்றுகிறீர்கள் என்று 429 இலக்கப் பிழையைத் திருப்பும். ஒரு பூட்டை வைத்து, முதலில் வந்த டாஸ்க் மட்டும் புதுப்பிக்க, மற்றவை அதே புதிய டோக்கனை எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். பூட்டுக்குள் நுழைந்த பின் ‘இன்னும் பழையதுதானா’ என்று மறுபடி ஒருமுறை பார்ப்பதை மறந்தால், 200 பேரும் வரிசையாக வந்து 200 தடவை புதுப்பிப்பார்கள்.

செய்தியின் பருமன் தமிழில் எழுதுவோருக்குத் தனிச் சிக்கல். ஏபிஎன்எஸ் ஏற்கும் உள்ளடக்கத்தின் எல்லை சாதாரண அறிவித்தலுக்கு 4,096 பைட். யூனிகோட் தமிழில் உயிர்மெய்யின் உடலும் அதன் குறியும் தனித்தனிக் குறியீடுகள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ‘திருகோணமலை’ என்று எழுதினால் பத்துக் குறியீடுகள், 30 பைட். அறிவித்தலின் உள்ளடக்கம் எழுதப்படும் ஜேசன் வடிவத்துக்கான பைதனின் லைப்ரரி, வேறு கட்டளை கொடுக்காவிட்டால், ஆங்கில நெடுங்கணக்குக்கு வெளியே உள்ள ஒவ்வொரு குறியீட்டையும் ஆறு எழுத்துக் குறிமுறையாக மாற்றி எழுதும். அப்போது அதே ஊர்ப்பெயர் 60 பைட் ஆகிறது. தொடக்க காலத்தில் எல்லை 256 பைட் மட்டுமே இருந்தது. அந்த முறையில் அதற்குள் அதிகம் போனால் 42 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். இன்றைய எல்லை தாராளம் என்றாலும், முழு வானிலை அறிக்கையையும் அறிவித்தலுக்குள் திணிக்க முயன்றால் 413 இலக்கப் பிழை வரும். நீளத்தைக் குறைக்கக் கண்ட இடத்தில் வெட்டும் நிரல், ‘கோ’ என்ற எழுத்தைப் பிளந்து ‘க’ என்று விட்டுவிடும். பைட் கணக்கில் வெட்டினால் பெட்டி பெட்டியாகத் தெரியும். திருகோணமலை போன்ற, தமிழும் சிங்களமும் அருகருகே புழங்கும் மாவட்டத்துக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வாக்கியங்களை மூன்று மொழியிலும் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டு, எந்த வாக்கியம் என்ற குறியையும் இடப்பெயர், காற்றின் வேகம் போன்ற மாறும் பகுதிகளையும் மட்டும் அனுப்பலாம். இரு சேவைகளுமே இதற்கு இடம் கொடுக்கின்றன. தொலைபேசி தன் மொழியில் வாக்கியத்தைக் கட்டிக்கொள்ளும், சர்வருக்கு யார் எந்த மொழி என்று தெரிய வேண்டியதே இல்லை.

இனி, வரும் பதில்கள். 200 என்ற பதில் இலக்கம் (நாம் வைத்த 200 என்ற எல்லையோடு இதற்குத் தொடர்பில்லை) சேவை செய்தியை ஏற்றுக்கொண்டது என்று மட்டுமே சொல்கிறது. தொலைபேசியில் தெரிந்தது என்றோ யாரும் படித்தார் என்றோ சொல்லவில்லை. அண்ட்ராய்டு 13 முதல், செயலி அறிவித்தல் காட்டப் பயனரிடம் வெளிப்படையாக அனுமதி கேட்க வேண்டும்; அவர் மறுத்திருந்தாலும் சர்வருக்கு வெற்றி என்றே பதில் வரும். அமைப்புகளுக்குள் சென்று செயலியை வலிந்து நிறுத்தியிருந்தால், அதை அவர் மறுபடி திறக்கும் வரை எஃப்.சி.எம் செய்தி உள்ளே போகாது. கூகுள் சேவைகள் இல்லாமல் விற்கப்படும் ஹுவாவே தொலைபேசிகளுக்கு அந்த நிறுவனத்தின் சொந்தப் புஷ் சேவை வழியாகத் தனியே அனுப்ப வேண்டும்.

செயலி நீக்கப்பட்டிருந்தால் அப்பிள் 410 என்றும் எஃப்.சி.எம் 404 என்றும் சொல்லும். அந்தத் தொலைபேசியின் டோக்கனை (சர்வரின் அனுமதி டோக்கன் அல்ல, அந்தத் தொலைபேசியில் உள்ள செயலிக்கான முகவரிக் குறியை) தரவுத்தளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இங்கே அப்பிள் ஒரு நேர முத்திரையையும் சேர்த்து அனுப்புகிறது. டோக்கன் செல்லாதென உறுதியான நேரம் அது. அதற்குப் பின்னர் அதே டோக்கன் நம்மிடம் மீண்டும் பதிவாகியிருந்தால் அழிக்கக் கூடாது. பலர் இந்த முத்திரையைப் பார்ப்பதே இல்லை. 400 இலக்கத்துடன் ‘டோக்கன் பிழை’ என்று வருவது இன்னும் ஆபத்தானது. சோதனைச் சூழலின் டோக்கனை உண்மைச் சூழலின் முகவரிக்கு அனுப்பினாலும் இதே பதில்தான். முகவரியைத் தவறாக அமைத்துவிட்டு, ‘பிழையான டோக்கனை அழி’ என்ற விதியையும் வைத்திருக்கும் நிரல், ஒத்தியங்கா வேகத்தில் பத்தே செக்கனில் முழுப் பட்டியலையும் துடைத்துவிடும். ஒரு தொகுதியில் வழக்கத்துக்கு மாறாகப் பெரும்பங்கு டோக்கன்கள் பிழை என்று வந்தால் அழிப்பதை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடும்படி ஒரு தடுப்பு வைப்பது நல்லது.

429உம் 503உம் பிறகு முயலச் சொல்பவை. எவ்வளவு நேரம் கழித்து என்று பதிலிலேயே குறிப்பு இருந்தால் அதை மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளியை ஒவ்வொரு தடவையும் இரட்டித்து, அதில் சிறிது தற்செயலும் கலக்க வேண்டும். தற்செயல் கலக்காவிட்டால், ஒன்றாக விழுந்த 200 டாஸ்க்குகளும் ஒன்றாகவே எழுந்து மறுபடி ஒன்றாக விழும். கோரிக்கை போய்விட்டது, பதில் வருமுன் இணைப்பு அறுந்துவிட்டது என்ற நிலைமைதான் எல்லாவற்றிலும் சங்கடமானது: செய்தி ஏற்கப்பட்டதா என்று சர்வரால் அறியவே முடியாது. மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போகலாம். அனுப்பாவிட்டால் ஒரு முறையும் போகாதிருக்கலாம். காற்று எச்சரிக்கைக்கு முதலாவதே மேல். அப்போதும் ஒன்றிணைக்கும் அடையாளம் ஒன்றை இரு தடவையும் ஒரே மாதிரி வைத்து அனுப்பினால், ஐபோனில் பின்னது முன்னதன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். திரையில் ஒன்றே தெரியும். அந்த அடையாளம் 64 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எச்சரிக்கையின் இலக்கமே போதும்.

அறிவித்தலின் காலாவதி நேரத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். எஃப்.சி.எம்மில் வெறுமையாக விட்டால், தொலைபேசி தொடர்பில் இல்லாதபோது செய்தி 4 வாரம் வரை காத்திருக்கும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களை நினைத்துப் பார்த்தால், தொலைபேசி அணைந்து கிடப்பது விதிவிலக்கு அல்ல என்பது விளங்கும். கரையிலிருந்து விலகிப் போன படகில் சிக்னலே இராது. நேற்றைய ‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்ற எச்சரிக்கை, காற்று அடங்கிய மறுநாள் காலை திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும் படகின் தொலைபேசியில் வந்து விழுவது வெறும் தொல்லை அல்ல. அடுத்த எச்சரிக்கையை நம்பாமலிருக்கப் பழக்குகிறது. எச்சரிக்கை செல்லுபடியாகும் நேரத்தையே அறிவித்தலின் காலாவதியாகவும் கொடுக்க வேண்டும். அதோடு, இரு சேவைகளிலும் முன்னுரிமையை உயர்வாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உறக்க நிலையில் உள்ள அண்ட்ராய்டுத் தொலைபேசி, தான் அடுத்து விழிக்கும் வரை செய்தியைத் தள்ளிவைக்கும். இத்தனைக்குப் பிறகும் புஷ் அறிவித்தல் குறுஞ்செய்திக்கும் ஒலிபெருக்கிக்கும் துணையே தவிர மாற்று அல்ல. உத்தரவாதமான விநியோகத்தை இரு நிறுவனங்களில் எதுவும் வாக்களிக்கவில்லை.

ஒத்தியங்கா நிரலுக்கே உரிய இன்னொரு இழப்பு உண்டு. பயனரின் கோரிக்கைக்குப் பதில் சொல்லிவிட்டு, அறிவித்தலைப் பின்னணி டாஸ்க்காக ஓடவிட்டுவிட்டு நகர்வது வழக்கம். பைதனின் ஈவென்ட் லூப் தன் டாஸ்க்குகளை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பதில்லை. வேறு யாரும் அதைக் குறித்து வைக்காவிட்டால், பயனற்றவற்றை நினைவகத்திலிருந்து அகற்றும் துப்புரவு வரும்போது டாஸ்க் பாதி வழியில் மறைந்துவிடலாம். 2022இல் 3.11 பதிப்புடன் வந்த டாஸ்க் குழு இதைத் தீர்க்கிறது, ஆனால் வேறொன்றைக் கொண்டுவருகிறது: குழுவில் ஒன்று பிழையோடு விழுந்தால் மற்ற அனைத்தும் ரத்தாகும். செல்லாத ஒரே ஒரு டோக்கனுக்காக மூதூரில் உள்ள அனைவரின் அறிவித்தலும் நின்றுபோகக் கூடாது என்றால், ஒவ்வொரு டாஸ்க்கும் தன் பிழையைத் தானே பிடித்து, பதிலாகத் திருப்ப வேண்டும். புதிய பதிப்பை ஏற்றுவதற்காகச் சர்வரை நிறுத்தும்போதும் இதே கதை. நினைவகத்தில் மட்டும் இருந்த வரிசை அதோடு போய்விடும். அனுப்ப வேண்டியவற்றை முதலில் தரவுத்தளத்தில் எழுதி, பதில் வந்த பிறகே ‘முடிந்தது’ என்று குறிப்பது மெதுவானது போலத் தோன்றினாலும், 20,000 வரிகள் எந்தத் தரவுத்தளத்துக்கும் பாரம் அல்ல.

இவ்வளவு சிரமம் ஏன், எஃப்.சி.எம்மில் ‘மூதூர்’ என்று ஒரு தலைப்பு வைத்துத் தொலைபேசிகளை அதில் சேர்த்துவிட்டால் ஒரே கோரிக்கையில் வேலை முடியுமே என்று கேட்கலாம். முடியும், பல செயலிகளுக்கு அதுவே போதும். ஆனால் தலைப்பு வழி அனுப்புதல் பெருந்தொகையைக் கையாள்வதற்காக அமைக்கப்பட்டது, விரைவுக்காக அல்ல என்று கூகுளே சொல்கிறது. யாருக்குப் போகவில்லை என்ற தனித்தனிப் பதிலும் அதில் கிடைக்காது. கோயில் திருவிழா அறிவித்தலுக்குத் தலைப்பையும் காற்று எச்சரிக்கைக்குத் தனித்தனி டோக்கனையும் நான் தெரிவு செய்வேன்.

கடைசியாக, நன்றாக அனுப்பி முடித்த சர்வருக்கே வரும் வினை. பத்துச் செக்கனில் 20,000 தொலைபேசிகள் ஒலித்தால், அவற்றில் ஐந்தில் ஒன்று உடனே திறக்கப்பட்டாலும் 4,000 செயலிகள் ஒரே நிமிடத்துக்குள் அதே சர்வரிடம் வந்து வரைபடத்தையும் முழு அறிக்கையையும் கேட்கும். அனுப்பும் வேலையும் பதில் சொல்லும் வேலையும் ஒரே ஈவென்ட் லூப்பில் இருந்தால், மீள அனுப்பும் டாஸ்க்குகளும் இந்தப் புதிய கோரிக்கைகளும் ஒன்றையொன்று நெரிக்கும். ஏபிஎன்எஸ்ஸிலிருந்து வந்துவிட்ட பதில்கள் கூட வாசிக்கப்படாமல் காலக்கெடு தாண்டி, தேவையற்ற மீள அனுப்புதலைத் தூண்டும். அனுப்பும் நிரலைத் தனிச் செயல்முறையாகப் பிரித்துவிடுவதும், எச்சரிக்கையின் சாரத்தை அறிவித்தலுக்குள்ளேயே வைத்துச் செயலி அதைச் சர்வரைக் கேட்காமல் காட்டும்படி செய்வதும், முழு அறிக்கையை நிலையான கோப்பாக சிடிஎன் ஒன்றில், அதாவது கோப்புகளின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்துப் பரிமாறும் சேவையில், வைப்பதும் இதற்குரிய ஏற்பாடுகள். அவசரமற்ற அறிவித்தலாக இருந்தால், அனுப்பும் வேகத்தையே குறைத்து ஐந்து நிமிடத்துக்குப் பரப்பிவிட்டால் போதும். தொழிலாளி டாஸ்க்குகளின் எண்ணிக்கையை 200இலிருந்து பத்துக்குக் குறைத்தால் அதே வேலை மூன்று நிமிடம் இருபது செக்கன் எடுக்கும், ஏழாக்கினால் ஐந்து நிமிடத்தை நெருங்கும்.